அரைவேக்காட்டுத் தங்கம்

கல்யாணப் பருவம் வந்துவிட்டால் ஹைதராபாத்தின் பத்தர்கட்டித் துணிக்கடைகளில் பொன்னிற அச்சுப் போட்ட துப்பட்டாக்களுக்குத் தனி மவுசு. சர்தோசி வேலைப்பாட்டுக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளுக்கும் அந்த மினுமினுப்பைக் கொண்டுவந்து சேர்த்தது ஸ்கிரீன் பிரிண்டிங். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்த அச்சுக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட உலோக மையே ஏற்றது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அச்சிடுவதில் காட்டும் அக்கறையைச் சிறிய பட்டறைகள் பல, அடுத்து வரும் க்யூரிங்கில், அதாவது மையைச் சூட்டில் இறுக்கும் வேலையில், காட்டுவதில்லை.

மையின் நிறைகளை முதலில் சொல்லிவிடலாம். போட்டியாக இருக்கும் பிளாஸ்டிசால், பி.வி.சி. கலந்த மை. துணிமேல் தடித்த படலமாகப் படிந்து காற்றை அடைக்கும்; அதன் மலிவான வகைகளில் உடலுக்கு ஆகாத தாலேட்டுகள் இருக்கலாம். நீர் மை நூலோடு ஒட்டி நிற்பதால் துணி மென்மையாகவே இருக்கும். மை காயுமுன் ஸ்கிரீனைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம், மண்ணெண்ணெய் வேண்டாம்.

குறைகள் உலோகத்திலிருந்து தொடங்குகின்றன. நாம் தங்கம் என்று பார்ப்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த தூள். வெள்ளி என்பது அலுமினியம். மேற்பூச்சில்லாத அலுமினியத் தூள் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். மூடிய டப்பா உப்பிப்போகும். தூளைக் கலக்கும் பேஸ்ட்டில் அம்மோனியா இருந்தால் அது செம்பைத் தாக்கும். அதனால்தான் பித்தளைத் தூளை அன்றன்றைக்கு வேண்டிய அளவே கலக்க வேண்டும். வியர்வை பட்டால் அந்தப் பொன்னிறம் கறுக்கவும் செய்யும். தினமும் உடுத்தும் துணிக்கு, இரும்பு ஆக்சைடு பூசிய மைக்கா நிறமியே என் தேர்வு. பளபளப்பு சற்றுக் குறைவு; கறுக்காது.

க்யூரிங்தான் உண்மையான சோதனை. பிளாஸ்டிசால் படலம் முழுவதும் ஏறத்தாழ 160 டிகிரியைத் தொட்டால் போதும், உருகி இறுகிவிடும். நீர் மைக்கு அது போதாது. முதலில் தண்ணீர் முழுவதும் ஆவியாக வேண்டும். அதுவரை படலத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதன்பிறகே மையிலுள்ள பைண்டர் என்ற ஒட்டுப்பொருளும் ஃபிக்ஸரும் பிணைந்து உலோகத் துகளைப் பிடித்துக்கொள்ளும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 150 டிகிரியில் 3 முதல் 5 நிமிடம். தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்து வேலை முடிந்ததாக நினைப்பது, மேலே பொங்கிய நுரையைப் பார்த்துச் சோற்றை இறக்குவதற்குச் சமம். ஹீட் பிரஸ்ஸில் சில நொடி அழுத்தி எடுத்த துப்பட்டா கடையில் ஜொலிக்கும். சில சலவைகளில் துகள் உதிரும்.

உலோக மையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பளபளக்கும் துகள்கள் அகச்சிவப்பு ஹீட்டரின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வெப்பமானித் துப்பாக்கியும் அந்தப் பளபளப்பில் தவறான அளவு காட்டும். வெப்பத்துக்கு நிறம் மாறும் பட்டையைத் துணியில் ஒட்டி அடுப்புக்குள் அனுப்பிப் பார்ப்பதே நம்பகமான வழி. சுடுகாற்றைச் சுழலவிட்டு ஈரத்தை வெளியேற்றும் கன்வேயர் அடுப்பே க்யூரிங்குக்குச் சரியான கருவி. ஹைதராபாத்தின் ஏப்ரல், மே வறட்சியில் மை ஸ்கிரீனிலேயே காய்ந்து வலைக் கண்களை அடைக்கும். அதைத் தடுக்கக் கிளிசரின் போன்றவற்றை அதிகம் சேர்த்தால், அவை பிடித்துவைக்கும் ஈரம் க்யூரிங்கையும் தாமதப்படுத்தும். பாலியெஸ்டர் ஜார்ஜெட்டிலோ சூடு கூடினால் துணியின் சாயம் அச்சுக்குள் ஏறிவிடும். இத்தனைக்கும் நடுவே அச்சுக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நீர் மை என்றாலே சுத்தம் என்ற நம்பிக்கையையும் ஏற்க முடியவில்லை. ஸ்கிரீன் கழுவிய நீரில் செம்பும் துத்தநாகமும் அக்ரிலிக் பைண்டரும் இருக்கின்றன. வடிகட்டாமல் சாக்கடையில் விட்டால், ஏற்கெனவே நொந்துகிடக்கும் மூசி ஆற்றுக்குத்தான் அது போகும். திருப்பூரில் கழிவுநீரை வெளியே விடாத முறையைப் பின்பற்றாததால், 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஹைதராபாத் அந்த அளவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

நல்ல கன்வேயர் அடுப்பு வாங்கும் சக்தி ஓர் அறைப் பட்டறைக்குக் கிடையாது. சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருப்பதுபோல், அச்சுப் பட்டறைகள் நெருங்கியுள்ள பகுதிதோறும் பொது க்யூரிங் அடுப்பும், கழுவுநீரைத் தெளியவைக்கும் தொட்டியும் வேண்டும். தெலங்கானா அரசின் கைத்தறி, ஜவுளித் துறை இதைச் செய்து தர வேண்டும்.