பிணத்துக்குக் கிடைக்காத விருது

2025 ஆகஸ்ட் முதல் தேதி தேசிய விருதுகளை அறிவித்தார்கள். ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருது. ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காகக் கீழ்வீட்டுக்காரரும் மேல்வீட்டுக்காரரும் மனிதத் தன்மையையே இழக்கும் கதை. அதில் பிடிவாதமும் வறட்டு கௌரவமும் கொண்ட அரசு அதிகாரி இளம்பரிதியாக அவர் செய்திருப்பதை யார் பார்த்தாலும் விருதை மறுக்க மாட்டார்கள். எனக்கும் மறுப்பில்லை. கசந்தது விருது அல்ல, அதற்குப் பின்னால் வரிசைகட்டி வந்த வாழ்த்துகள். தொலைக்காட்சியில் பட்டாபியாக வந்து சிரிக்க வைத்தவருக்குள் இப்படி ஒரு நடிகர் ஒளிந்திருந்தாரா என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது.

ராதாமோகனின் ‘மொழி’ வந்தது 2007இல். மகன் இறந்த 1984ஆம் ஆண்டிலேயே மனம் நின்றுபோன பேராசிரியராக அதில் பாஸ்கர் வருவார். அக்கம்பக்கத்தாரிடம் பழைய செய்திகளைப் புதிதுபோலப் பேசுவார், அரங்கம் சிரிக்கும். காரணம் தெரிந்த பிறகு அதே பேச்சுக்குச் சிரிக்க முடியாது. அன்றும் இதே விரல் இதே மூக்குக்குத்தான் போனது. 2017இல் ‘8 தோட்டாக்கள்’ வந்தபோது மறுபடியும் போனது. ஒருவரை மூன்று முறை முதன்முறையாகக் கண்டுபிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். நடுவில் கவனமாக மறந்துகொண்டே இருக்க வேண்டும்.

தெரிந்த முகத்தை எதிர்பாராத வேடத்தில் பார்ப்பதில் ஒரு குதூகலம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ‘புதுப்பேட்டை’யை மறுபடி பார்க்கும்போது கூட்டத்தில் நிற்கும் விஜய் சேதுபதியைக் கண்டு ‘ஏய், இது அவருல்ல?’ என்று வீட்டில் கத்தாதவர்கள் யார்? 2022இல் ‘விக்ரம்’ முடியும் நேரத்தில் ரோலக்ஸாக சூர்யா வந்து நின்றபோது என் பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். ‘ஜெயில’ரில் மோகன்லாலும் சிவராஜ்குமாரும் வந்ததும் அப்படித்தான். அது திருவிழாக் கூத்து. திருவிழாவில் போய்க் கணக்குப் பார்க்கக் கூடாது.

இந்த வித்தையை உண்மையிலேயே கதைக்காகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2024இல் வந்த ‘மகாராஜா’வில் நிதிலன் சாமிநாதன் செய்தது அது. காவலர்கள் ஒரு போலித் திருடனைத் தயார் செய்ய நல்லசிவம் என்று ஓர் ஆளை அழைத்து வருகிறார்கள். வருவது சிங்கம்புலி. அந்த முகத்தைப் பார்த்ததும் நாம் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறோம், இனி கொஞ்ச நேரம் சிரிக்கலாம் என்று. பொய்க் குற்றவாளியாக நடிக்க வந்தவன்தான் மெய்யான குற்றவாளி என்று தெரியும்போது வயிற்றைப் பிசைகிறது. தமிழ் ரசிகன் எந்த முகத்தை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டான் என்று யோசித்து, அங்கே கொண்டுபோய்க் குற்றத்தை ஒளித்து வைத்திருக்கிறார் இயக்குநர். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் பலித்தது எதனால்? நகைச்சுவை நடிகரை நாம் ஓர் ஆளாகவே எண்ணுவதில்லை என்பதால்.

நெடுநாளாக எனக்கு உறுத்துவது அதுதான். ‘எதிர்பாராத வேடம்’ என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, சிரிக்க வைத்தவர் அழ வைத்த கதை. அந்தக் கொண்டாட்டத்துக்கு அடியில் ஓர் இளக்காரம் இருக்கிறது. சிரிக்க வைத்தபோது அவர் நடிக்கவில்லை, ஏதோ சேட்டை செய்துகொண்டிருந்தார். இப்போதுதான் நடிக்க வந்திருக்கிறார் என்ற இளக்காரம்.

‘மாமன்னன்’ வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. 2023 ஜூன் கடைசியில் படம் வெளியானது, முதல் வாரத்திலேயே பார்த்தேன். வடிவேலு திரையில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். பின்வரிசையில் களுக்கென்று சிரிப்பு. சிரிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, பழக்கதோஷம். அரை மணி நேரம் கழித்து அதே வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் எல்லார் வாயிலும் ஒரே வாசகம்: வடிவேலுவுக்குள் இப்படி ஒரு நடிகனா? இயக்குநர் மாரி செல்வராஜ் அந்த நடிகனைத் தோண்டி எடுத்துவிட்டாராம்.

மாரி செல்வராஜே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ‘தேவர் மக’னின் இசக்கியிலிருந்துதான் தன் மாமன்னன் வந்தான் என்றார் அவர். இசக்கி வந்தது 1992இல். வடிவேலு திரைக்கு வந்த புதிது. கோயில் பூட்டை உடைத்ததற்காகக் கையை இழந்து மருத்துவமனையில் கிடப்பவன், போன கையைப் பற்றித் தானே வேடிக்கை பேசுவான். கேட்பவருக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதற்கு எந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள்? அதன்பின் 1999இல் ‘சங்கமம்’, 2006இல் ‘எம் மகன்’. ஒவ்வொன்றுக்கும் ‘இப்படி ஒரு நடிகனா’ என்றோம். முப்பத்தோரு வருடமாகத் தெருவில் நின்றுகொண்டிருந்தவரை ஒளிந்திருந்தார் என்று சொன்னால், கண் யாருக்குக் கெட்டுப்போயிருக்கிறது?

‘மாமன்ன’னில் ஆதிக்க சாதித் தலைவர் ரத்னவேலுவின் வீட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மாமன்னனை அவருடைய மகன் உட்காரச் சொல்கிறான். இத்தனை காலம் அந்த வீட்டில் நின்றே பழகிய உடம்பு தயங்குகிறது. முட்டி மடங்கப் பார்க்கிறது, மனம் விடுவதில்லை. முதுகு நிமிரவும் இல்லை, முழுதாகக் குனியவும் இல்லை. அவமானத்தை உடம்பில் வைத்திருக்கும் ஒரு மனிதனை அந்த அரைக் குனிவில் காட்டிவிடுகிறார்.

இனி ‘வின்ன’ருக்கு வாருங்கள். 2003. வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவர் கைப்புள்ள, கட்டதுரை ஆட்களுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போடுகிறார். நெஞ்சு முன்னால் வருகிறது, குரல் ஓங்குகிறது. கால்களைப் பாருங்கள், அவை எப்போதோ கிளம்பிவிட்டன. கண் எதிராளியை முறைத்தபடியே இடைவெளியை அளக்கிறது. தன் பயம் ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மேல் உடம்பும், உயிர் பிழைத்தால் போதும் என்று கீழ் உடம்பும் ஒரே ஆளுக்குள் சண்டை போடுகின்றன. அவமானத்தை உடம்பில் வைத்திருக்கும் மனிதன்தான் இவரும். மாமன்னன் அதை மறைக்க முடியாமல் நிற்கிறார், கைப்புள்ள மறைத்துவிட்டதாக நம்பி நிற்கிறார். வேலைப்பாடு ஒன்றுதான். சொல்லப்போனால் இரண்டாவது கடினம். அழ வைக்கும் காட்சிக்குப் பின்னணி இசை கைகொடுக்கும், கதையின் கனம் கைகொடுக்கும், நம்முடைய குற்ற உணர்வும் கைகொடுக்கும். கோடு போடும் காட்சியில் நடிகருக்கு அவருடைய கால்கள் மட்டும்தான்.

இதற்கெல்லாம் சாட்சி வேண்டுமென்றால் நாகேஷைத்தான் கூப்பிட வேண்டும். 1994இல் அவருடைய இரண்டு படங்கள் வந்தன. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘மகளிர் மட்டு’மில் அவர் பிணம். செத்துப்போனது தங்கள் மேலதிகாரி என்று நினைத்து ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும் மருத்துவமனையிலிருந்து கடத்திக்கொண்டு போகும் பிணம். வசனம் கிடையாது. கண் கிடையாது. உலகத்தில் எந்த நடிகனும் முதலில் நம்பும் ஆயுதங்கள் இரண்டும் பிடுங்கப்பட்டுவிட்டன. தூக்கினால் தூக்கிய பக்கம் சாய்கிறது, விட்டால் விட்ட இடத்தில் சரிகிறது. விழப்போகும் எந்த மனிதனும் தன்னையறியாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்வான், கையை ஊன்றப் பார்ப்பான். அந்த அனிச்சையை அணைத்து வைத்தபடி, அவ்வளவு சிரிப்புக்கும் தாளம் தப்பாமல் விழ வேண்டும். நாகேஷ் விழுந்தார்.

அதே ஆண்டு, சேதுமாதவன் இயக்கிய ‘நம்மவர்’. மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக நாகேஷ். பிரமாதமான நடிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது, ‘துரோக்கால்’ படத்துக்காக ஆஷிஷ் வித்யார்த்தியோடு பகிர்ந்து, அவருக்குக் கிடைத்தது. திரைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தருமிக்கு விருதில்லை, ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பாவுக்கு விருதில்லை, அதே வருடத்துப் பிணத்துக்கும் விருதில்லை. பிணத்தைப் பார்த்து அழுதவருக்குத்தான் விருது. நடுவர்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். அன்று நாமும் ‘நாகேஷுக்குள் இப்படி ஒரு…’ என்றுதான் சொன்னோம்.

நம் சொற்களே இதைக் காட்டிக்கொடுக்கின்றன. நகைச்சுவை நடிகர் ஒருவர் அழுத்தமான வேடம் செய்தால், ‘குணச்சித்திர நடிகராக உயர்ந்தார்’ என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதுவரை அவர் ஏற்றதற்குக் குணமும் இல்லை, சித்திரமும் இல்லையா? ‘உயர்ந்தார்’ என்ற சொல்லில் ஏணி இருக்கிறது. கீழ்ப்படியில் சிரிப்பு, மேல்படியில் கண்ணீர். இறங்கி வந்தவர்களுக்கு இந்த வியப்பும் கிடைப்பதில்லை. நம்பியார் ‘தூறல் நின்னு போச்சு’வில் அத்தனை வருட வில்லத்தனத்தையும் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்க வைத்தார். ‘தில்லு முல்லு’வில் ரஜினி, தேங்காய் சீனிவாசனுக்கு ஈடுகொடுத்து முழுநீள நகைச்சுவை செய்தார். ரசித்தோம், இன்றும் ரசிக்கிறோம். ‘இவருக்குள் இப்படி ஒரு நடிகரா’ என்று கண் கசக்கியதாக நினைவில்லை. மாறுவேடம் இரண்டு பக்கமும் ஒன்றென்றால் வியப்பு ஒரு பக்கம் மட்டும் ஏன்? மாநில விருதுகளில் சிறந்த நகைச்சுவை நடிகர் என்று தனிப் பிரிவு இருக்கிறதே என்பார்கள். அது தனிப் பந்தி. சாப்பாடு உண்டு, கூடத்தில் இலை கிடையாது.

பழைய ஆட்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்கவில்லை. நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள் இன்று ராஜபார்ட், நாளை ஸ்திரீபார்ட், மறுநாள் பபூன் என்று எதைக் கொடுத்தாலும் கட்டினார்கள். டி.எஸ். பாலையா 1936இல் ‘சதிலீலாவதி’யில் வில்லனாகத் தொடங்கியவர். 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் மகன் கதை சொல்ல, கேட்கும் அப்பா. அந்தப் பேய்க்கதைக் காட்சியில் பேசிக்கொண்டே போவது நாகேஷ். கேமரா விட்டு நகர முடியாதது பாலையாவின் முகம். முதலில் அசட்டை, பிறகு மெல்ல ஒரு சந்தேகம், கண் ஓரமாக ஒரு பார்வை, தொண்டையில் ஏறி இறங்கும் எச்சில். பாலையா அங்கே வேடிக்கை காட்டவில்லை. மெய்யாகப் பயப்படுகிறார். மெய்யாகப் பயப்படுவதால்தான் அறுபது வருடம் கழித்தும் சிரிக்கிறோம். அந்தப் பயத்தைத் துளி குறைத்து நடித்திருந்தால் காட்சி செத்திருக்கும். அழுத்தமான நடிப்பு, அழுத்தமான நடிப்பு என்கிறார்களே, இது பிறகு என்ன?

‘விடுதலை’ சூரியைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் கடைநிலைக் காவலராகப் பணிக்குப் போகும் குமரேசனாக அவர் நன்றாகவே செய்தார். நாயகத் தோரணை வராத ஒரு முகம் வெற்றிமாறனுக்குத் தேவைப்பட்டது, தேர்வு சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘பரோட்டா சூரியா இது?’ என்றுதான் எழுத வேண்டுமா? 2009இன் ‘வெண்ணிலா கபடிக் குழு’வில் ஐம்பது பரோட்டா பந்தயத்தில், கடைக்காரர் கணக்கில் தில்லுமுல்லு செய்ததும், சரி, கோட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறாரே, அந்த முகத்தில் இருப்பது வெறும் பசி இல்லை. ஏமாற்ற நினைப்பவனை அவன் விதியாலேயே மடக்கும் ஏழையின் திருப்தி. குமரேசனின் பிடிவாதம் பிறந்த இடம் அந்தப் பெஞ்சு.

சூரி இப்போது ‘கொட்டுக்காளி’, ‘கருடன்’, ‘மாமன்’ என்று நாயகனாகிவிட்டார். சந்தானம் எப்போதோ போய்விட்டார். அவர்கள் இஷ்டம், பிழைப்பு. ஆனால் சிரிக்க வைப்பவனுக்கு இங்கே மரியாதை சிரிக்க வைப்பதை நிறுத்தினால்தான் என்று நாமே சொல்லிக்கொடுத்த பிறகு, இப்போதெல்லாம் படங்களில் நகைச்சுவையே இல்லை என்று புலம்புவது நியாயமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று தெரிகிறது. வெறும் முகச்சேட்டையை நகைச்சுவை என்று விற்றவர்களும், உருவக் கேலியிலேயே காலம் ஓட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நான் வழக்காடவில்லை. ஆனால் அழத் தெரியாமல் அழுது படம் ஓட்டிய நாயகர்கள் அதைவிட அதிகம். அவர்களால் யாரும் அழுகையே மட்டமான கலை என்று முடிவு கட்டவில்லை.

அடுத்த முறை ஒரு நகைச்சுவை நடிகர் அழுது நீங்கள் அசந்துபோனால், ‘இவருக்குள் இப்படி ஒரு நடிகரா’ என்று எழுதுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ‘வின்னர்’ படத்தை எடுத்து, அந்தக் கோடு போடும் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கால்களை மட்டும் பாருங்கள்.