கத்தியை நீட்டிய கை

திண்டிவனத்தில் அண்மையில் நடந்த அன்பியக் கூட்டமொன்றில் இளைஞர் வன்முறை பற்றிப் பேச்சு எழுந்தது. "எல்லாம் சினிமா கற்றுக்கொடுத்தது சாமி" என்று பெரியவர் ஒருவர் முடித்துவிட்டார். சான்றாக அவர் அடுக்கிய படங்களுள் ஒன்று, சசிகுமார் இயக்கி 2008இல் வெளிவந்த 'சுப்பிரமணியபுரம்'. அதனை மறுபடியும் பார்த்தேன். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட படம் சாட்சிக் கூண்டில் நிற்கக் கண்டேன்.

கதை 1980ஆம் ஆண்டு மதுரையில் நிகழ்கிறது. அழகர், பரமன், காசி முதலிய வேலையற்ற நண்பர்கள் முன்னாள் கவுன்சிலர் ஒருவரின் வீட்டையே சுற்றிக் கிடக்கிறார்கள். அடிதடியில் அகப்படும்போதெல்லாம் அவர்களைப் பிணையில் எடுப்பது அந்த வீடு. கடன் ஒருநாள் வட்டியோடு கேட்கப்படுகிறது. அண்ணனுக்குக் கட்சிப் பதவி கைநழுவிய அவமானத்தைத் தம்பி கனகு இவர்கள்முன் கொட்டித் தீர்க்கிறான், கொலை விழுகிறது. சிறைக்குப் போனவர்களை அதன்பின் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறொருவன் பிணையில் எடுக்கிறான். அவனுக்கும் ஒரு கொலை தேவைப்படுகிறது. பிணை என்ற சொல்லுக்குள்ளேயே கட்டும் இருக்கிறது என்பதை இப்படம் உணர்ந்த அளவுக்கு வேறு எப்படமும் உணர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என்னை மிகவும் தைத்தது தொடக்கத்தில் வரும் சிறைவாசல் காட்சி. 28 ஆண்டுகள் கழித்து விடுதலையாகி வரும் காசியின் உடலில் அந்த வாசலிலேயே கத்தி இறங்குகிறது. 16 வயது நிரம்பியோர் கொடுங்குற்றம் புரிந்தால் வயதுவந்தோராக விசாரிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழிவிட்டபோது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மகிழ்ந்தவர்கள் இக்காட்சியைப் பார்த்தல் நன்று. தண்டனையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். காசிக்குத் தண்டனை கிடைத்தது; பகைக்கு மட்டும் வயதாகவில்லை.

குறைகளும் உண்டு. அழகரின் அழிவைத் துளசியின் தலையில் ஏற்றும்போது, பெண்ணை நம்பினால் கேடு என்ற பழைய பல்லவிக்குப் படம் இறங்கிவிடுகிறது. இரத்தம் சிந்தும் இடங்களில் கேமராவுக்கே ஒரு ருசி ஏறிவிடுகிறது. இவ்வகையில் அன்பியப் பெரியவர் கூறியதில் பாதி உண்மை. எல்லாவற்றினும் பெரிய குறை, சாதியை வெளிப்படையாகப் பேசாமல் கடந்து போவது.

நாங்குநேரி அந்த இடைவெளியைக் காட்டிக்கொடுத்தது. 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் சிலர், உடன் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பதவி இழந்த கனகு எவனும் அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் அது பரிந்துரைத்தது. கயிறுதானே என்று சிரித்தவர்களை நான் அறிவேன். அந்தக் கயிற்றைப் பிள்ளை தானாகத் திரித்துக்கொள்ளவில்லை.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டபோது எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதும், நாங்கள் அருகே போனால் நிறுத்திக்கொண்டதும் நினைவிருக்கின்றன. அதைச் செய்தவர்களுக்கு இப்படம் பாடம் நடத்தியிருக்க இயலாது. படம் வெளிவந்த அதே 2008இல், அதற்குச் சில மாதங்கள் முன்பு, மார்ச் 9 அன்று, அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் நடந்ததையும் மறப்பதற்கில்லை. தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கும் சம உரிமையும் கேட்டதையொட்டி எழுந்த மோதலில் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே நற்கருணைப் பந்தியை அணுகும் மக்கள்! அன்று தெருவில் இறங்கிய இளைஞர்கள் நம் ஞாயிறு மறைக்கல்வியில் வளர்ந்தவர்கள் அல்லவா? ஐந்தாம் கட்டளையை அவர்களைப் பிழையின்றி ஒப்புவிக்கச் செய்தோம். இரவு உணவின்போது அடுத்த தெருவைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று எந்தப் பிள்ளையிடமும் நாங்கள் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பள்ளிப் படிப்பை முடித்த எங்கள் இளைஞர்களுக்கு இப்படத்தைத் திரையிட்டுப் பேசலாம் என்றிருக்கிறேன். பெற்றோரும் கூட அமர வேண்டும் என்பது என் நிபந்தனை. பங்குப் பேரவையில் இருவர் இன்னும் இசையவில்லை.