முடிச்சின் பலமும் லூரின் ஆட்டமும்

ஏரியில் விராலுக்கு ஃபிராக் லூர் போடுகிறவரும் சரி, கழிமுகத்தில் கொடுவாவுக்குப் பாப்பர் எறிகிறவரும் சரி, இப்போது ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்: பாலமர் முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும். முதன்முதலாக ராடும் ரீலும் வாங்க வருகிற பையனுக்கும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் சதவீதக் கணக்கு வருகிறது. பாலமர் போட்டால் நரம்பின் பலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கும், லூரின் கண்ணில் இறுகாமல் வளையம் விட்டு நிற்கும் லூப் முடிச்சு அவ்வளவு நிற்காது, ஆகவே பாலமர். நீர்மேல் ஆடும் லூருக்கு முடிச்சைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் இந்தக் கணக்கை முதலில் வைப்பதே தவறு என்று பல காலமாகச் சொல்லிவருகிறேன். இப்போது இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலமர் நல்ல முடிச்சு, அதில் சண்டையில்லை. நரம்பு கண்ணுக்குள் இரட்டையாகப் போவதால் வழுக்குகிற பிரெய்டிலும் நழுவாது. இருட்டில்கூடப் போட்டுவிடலாம். ஆகாயத்தாமரையும் அல்லித்தண்டும் மண்டிய ஏரியில் ஃபிராக் போடும்போது அதைவிடப் பொருத்தமானது கிடையாது. இறுகி உட்கார்ந்த முடிச்சு செடிக்குள் நுழைந்து வெளியே வரும். லூப் போட்டால் ஒவ்வொரு வீச்சிலும் பாசியைச் சுமந்துகொண்டு வரும். விரால் கவ்விய நொடியில் டிராகை இறுக்கிச் செடியோடு சேர்த்து இழுக்க வேண்டிய இடம் அது. அங்கே பலம்தான் முக்கியம்.

ஆனால் அந்த ஏரியின் நியாயத்தை அப்படியே தூக்கிவந்து, முக்கொக்கி தொங்கும் பென்சிலுக்கும் பாப்பருக்கும் சட்டமாக்குகிறார்களே, அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. பாலமரில் லூர் முழுவதையும் நரம்பு வளையத்துக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். ஃபிராக்குக்கு அது சுலபம். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு முக்கொக்கியோடு இருக்கிற பென்சிலுக்கு வளையத்தைப் பெரிதாக வைத்தாக வேண்டும். கொக்கிகள் அதில் மாட்டும். இறுக்கும்போது இரண்டு இழையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். அப்படிக் குறுக்கே விழுந்தால் அவர்கள் பெருமை பேசும் பலமும் போயிற்று.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. ஹெடன் நிறுவனம் 1939இல் கொண்டுவந்த ஸாரா ஸ்பூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கிற பென்சில் லூருக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. அதற்கு உதடு கிடையாது. இழுத்தால் தானாக நீந்தாது. தளர்ந்த நரம்பில் ராட் நுனியால் ஒரு வெட்டு வெட்டி, உடனே நரம்பை மறுபடி தளர்த்தினால் மூக்கு இடப்பக்கம் திரும்பி வழுக்கும். அடுத்த வெட்டுக்கு வலப்பக்கம். லூரின் உயிரே அந்தத் தளர்ச்சியில் இருக்கிறது. மூக்கு தன்னிஷ்டத்துக்குத் திரும்ப முடிந்தால்தான் அந்த நடை வரும். அங்கே 40 பவுண்டு நைலான் லீடரைக் கண்ணோடு இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? லீடர் விறைப்பானது, முடிச்சு கண்ணைக் கவ்விக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து லூரின் மூக்கு நீண்டதுபோல ஆகிவிடும். வெட்டுகிற ஒவ்வொரு முறையும் லூர் தன் உடலோடு சேர்த்து அந்த விறைப்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது.

இறுக்கிக் கட்டிய லூரைச் சில வீச்சுகளுக்குப் பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணின் நடுவில் கட்டிய முடிச்சு ஒரு ஓரமாக நகர்ந்து அங்கேயே இறுகியிருக்கும். அதோடு வீசினால் ஒரு பக்கம் நீளமாக வழுக்கும், மறுபக்கம் பாதியிலேயே நிற்கும். பாப்பரானால் தண்ணீரை நேராகத் துப்பாமல் ஒரு பக்கமாகச் சிதறடிக்கும். பிடிக்கிறவர் தன் மணிக்கட்டைச் சந்தேகிப்பார், இல்லாவிட்டால் லூர் மட்டமான சரக்கு என்று பெட்டியில் போட்டு மூடிவிடுவார். முடிச்சின்மேல் சந்தேகமே வராது, அதுதான் 90 சதவீதம் ஆயிற்றே!

லீடரே வேண்டாம், பிரெய்டை நேராகக் கட்டிவிடலாம், அது மெத்தென்று இருக்கும், மூக்கைப் பிடிக்காது என்று ஒரு பதில் சொல்கிறார்கள். பிரெய்டு மிதக்கும் என்பதும் உண்மை, அதன் அடர்த்தி 0.97தான். ஆனால் அந்த மென்மைதான் இங்கே எதிரி. ஒவ்வொரு வெட்டுக்கும் தளர்கிற பிரெய்டு லூரின் மூக்குக்கு முன்னால் சுருண்டு விழும், முன் முக்கொக்கியில் சுற்றிக்கொள்ளும். பிறகு லூர் பின்பக்கமாக இழுபட்டு வரும். ஆகவே கொஞ்சம் விறைப்பான லீடர் தேவை. அது ஃபுளோரோகார்பனாக இருந்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.78. அது மூழ்கி, சின்னப் பாப்பரின் மூக்கையும் கீழே இழுக்கும். நைலான் தங்கூசிக்கு 1.14 அளவுதான், அதனால் மேல்நீர் லூருக்கு அதுவே பொருத்தம். ஆக, தடித்த, விறைப்பான நைலான் லீடருக்கே வந்து நிற்கிறோம். அந்த விறைப்பிலிருந்து மூக்கை விடுவிக்க லூப் முடிச்சை விட்டால் வேறு எளிய வழி இல்லை. பாலமரைப் பரிந்துரைக்கிறவர்கள் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக்கூட நின்று பார்ப்பதில்லை.

சரி, பலத்துக்கே வருவோம். டிராகை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். 20 பவுண்டு நரம்பென்றால் டிராக் ஐந்திலிருந்து ஏழு பவுண்டுக்குள் இருக்கும். லூப் முடிச்சு 80 சதவீதம்தான் தாங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது 16 பவுண்டு. டிராக் விட்டுக்கொடுக்கிற அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். திறந்த நீரில் கொடுவா ஓடும்போது 80க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம் வேலைக்கே வருவதில்லை. மீன் அடிக்கிற திடீர் அதிர்ச்சியைச் சுட்டிக்காட்டுவார்கள். அப்படியானால் அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் மாட்டி ஒரே சீராக இழுத்து எடுத்த எண் அது. திடீர் அதிர்ச்சி அதில் இல்லை. அவசரத்தில் எச்சில்கூடத் தொடாமல் இறுக்கிய முடிச்சும் அதில் இல்லை. பிரெய்டின் பாலிஎத்திலீன் இழை ஏறக்குறைய 150 டிகிரியிலேயே உருகிவிடும். உலர்ந்த நிலையில் வேகமாக இறுக்கினால் உரசல் சூட்டிலேயே அது கெடும். முடிச்சின் பெயரைவிட அதைக் கட்டுகிற கைதான் பலத்தைத் தீர்மானிக்கிறது.

மூக்கில் வளையம் மாட்டியே வருகிற லூருக்கு இறுக்கிக் கட்டலாமே என்றால், கட்டலாம். அந்தமானில் பெரும்பாறைக்குப் போகிறவர்கள் தடித்த லீடரைத் திட வளையத்தில் இறுக்கிக் கட்டி, அதைப் பிளவு வளையத்தில் மாட்டுகிறார்கள். அங்கே கீலின் வேலையை இரும்பு பார்த்துக்கொள்கிறது. ஆனால் மெல்லிய நரம்பை நேராகப் பிளவு வளையத்தில் கட்டினால், முடிச்சு நகர்ந்து வெட்டு முனைக்குள் புகுந்து அறுபடும். ஸ்னாப் மாட்டுவது வசதிதான் என்றாலும் சின்ன லூருக்கு அந்த எடையே பாரம்.

இதெல்லாம் நேற்று முளைத்த யோசனையும் அல்ல. 1936இல் தன் மீன் லூரைச் செதுக்கிய பின்லாந்துக்காரர் லௌரி ரபாலாவின் பெயரில் வழங்கும் முடிச்சே ஒரு லூப் முடிச்சுதான். 2018இல் மறைந்த அமெரிக்கத் தூண்டில் ஆசான் லெஃப்டி கிரே, நழுவாத லூப் முடிச்சைப் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார். ரபாலாவின் மீன் லேசானது, தளதளவென்று ஆட வேண்டியது. அதற்கு எந்த முடிச்சு தேவை என்பதை லூரைச் செய்தவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டு இயந்திரம் தந்த எண்ணைக் கும்பிடுகிறோம்.

லூப் முடிச்சு புதியவர்களுக்குக் கடினம் என்பதுதான் கடைசியாக வருகிற சாக்கு. பத்து நிமிடம் ஒதுக்கினால் வந்துவிடும். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சாதாரண முடிச்சு ஒன்றை இறுக்காமல் போடுங்கள். நுனியை லூரின் கண்ணுக்குள் விட்டு, முடிச்சிலிருந்து எந்தப் பக்கமாக வெளியே வந்ததோ அதே பக்கமாக உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு நுனியை முதன்மை நரம்பில் சுற்றுங்கள். மெல்லிய நரம்புக்கு ஏழு சுற்று, தடித்ததற்கு மூன்று. மறுபடி அதே முடிச்சுக்குள், அதே பக்கமாக விட்டு, எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். வளையம் ஒரு நெல்மணி நீளத்துக்கு மேல் போக வேண்டாம், போனால் முன்கொக்கி அதில் மாட்டும். பக்கம் மாறி நுழைத்தால் முடிச்சு கோணிக்கொள்ளும், பெரும்பாலோர் தவறுவது அங்கேதான். கடையில் பாலமர் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் இந்த ஒரு திருப்பத்தையும் சேர்த்துக் காட்டிவிடலாம்.