வல்லிசை வண்ணமும் இரும்பு இசையும்

ஹார்டு ராக் என்றும் ஹெவி மெட்டல் என்றும் வழங்கப்பெறும் மேனாட்டு இசையைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரொன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்குச் சினமும் மூட்டலாம். ஆயினும் நம் இல்லங்களுக்குள் இவ்விசை நுழைந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பெற்றோர் அதனை இரைச்சல் என்கின்றனர். பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கின்றனர். இரு திறத்தாரும் அதனைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவதில்லை. சுவைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பது திறனாய்வின் பணியாதலின், இவ்விசைத்தட்டுகளுள் உயர்ந்தது எது, நலிந்தது எது என்று நம் கருத்தைச் சொல்லத் துணிகிறோம். நாம் இவ்விசையின் சுவைஞரே அன்றி நடுவர் அல்லர். எனவே நம் தீர்ப்பில் விருப்பும் வெறுப்பும் கலந்தே இருக்கும்.

டிராம்பே வாழ் தமிழர்க்கு இவ்விசையின் பிறப்பிடம் அத்துணை அயலானதன்று. மாகுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகள், செம்பூரின் உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஆகியவற்றின் நிழலில் நாம் குடியேறினோம். 1976ஆம் ஆண்டு, அவசரநிலைக் காலத்தில், ஜனதா காலனி அகற்றப்பட்டுச் சீட்டா கேம்பில் மீண்டும் குடிசை கட்டியவர்களுள் தமிழர் பலர். ஹெவி மெட்டல் பிறந்த பர்மிங்காமும் இத்தகைய ஊரே. அங்கே ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த டோனி அயோமி என்னும் இளைஞர் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பதினேழாம் வயதில், வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளன்று, எந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் வெட்டிவிட்டது. அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆகவே நரம்பை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய நரம்புகளைக் கட்டினார். பின்னர் நரம்பின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தட்டில் சில பாடல்கள் மூன்று அரைச்சுரம் தாழ்ந்து ஒலிக்கின்றன. இன்று உலகெங்கும் 'கனத்த ஒலி' என்று பேசப்படுவது ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து வந்தது என்பதை, 'பிரஸ்'ஸில் விரலைப் பறிகொடுத்த உறவினரை அறிந்த குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இனி, ஒலியின் தன்மை. கருநாடக இசை கேட்டுப் பழகிய செவி, மேனாட்டுச் செவ்வியல் இசையைக் காட்டிலும் இவ்விசைக்கு விரைவில் இசையும் என்பது நம் கருத்து. காரணம் எளிது. ராக் கிதார் கலைஞர் பெரும்பாலும் மீட்டும் இருநரம்புச் சேர்க்கையில் சட்சமமும் பஞ்சமமும் மட்டுமே உண்டு, காந்தாரம் இல்லை. சிலம்பு காட்டும் பெயரால் சொன்னால் குரலும் இளியும். நம் தம்புராவிலும் இவை தாமே ஒலிக்கின்றன! ஒலிபெருக்கியை அதன் அளவுக்கு மீறி உந்திப் பிளிற வைத்த தம்புரா என்று அதனைக் கருதிக்கொண்டு கேட்டால், இரைச்சல் விலகி ஒழுங்கு தென்படும்.

1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்த 'பிளாக் சாபத்' என்னும் முதல் தட்டின் முதற்பாட்டினுடைய முதன்மை இசைத்தொடர் மூன்றே சுரங்களால் ஆனது. கீழ்ச்சட்சமம், மேற்சட்சமம், அதன்பின் பிரதி மத்திமம். மேனாட்டார் இவ்விடைவெளியைச் சாத்தானின் இசை என்று சொல்லி அஞ்சினர் என ஒரு கதை வழங்குகிறது; கதையில் மிகை உண்டு. நமக்கோ பிரதி மத்திமம் கலியாணியில் குழைந்து வரும் பழகிய சுரம். அப்படியாயின் சாபத் பாட்டில் அது ஏன் நெஞ்சைக் கலக்குகிறது? கலியாணியில் அது பஞ்சமத்தின் தோளில் சாய்ந்து நிற்கிறது. இங்கே சாயத் தோள் இல்லை. பஞ்சமம் அற்ற அம்சானந்தியைக் கேட்டவர்க்கு அந்த ஏக்கம் புரியும். ஆனால் அம்சானந்தி ஏங்கும், சாபத் அச்சுறுத்தும். ஒரே சுரம், பக்கத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதால் இரு வேறு சுவை தருகிறது. இத்தட்டு ஏறத்தாழ ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்; அந்த அவசரமே அதன் உயிர்.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்டு' தட்டையே நாம் இவ்வகைத் தட்டுகளுள் முதலிடத்தில் வைப்போம். அதன் முதற்பாட்டாகிய 'வார் பிக்ஸ்', படைத்தலைவர்களைச் சூனியக்காரரோடு ஒப்பிட்டும், போரை ஏவிவிட்டுத் தாம் ஒதுங்கியிருக்கும் அரசியல்வாதிகளைச் சாடியும் சபிப்பது. பேயும் பிணமும் பாடும் இசை நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பார் உளர். அவர்கள் கலிங்கத்துப்பரணியை மறந்தனர் போலும். செயங்கொண்டார் காடு பாடினார், பேய்களைப் பாடினார், களம் பாடினார். பிணக்களத்திலே பேய்கள் கூழ் அட்டு உண்ணும் விருந்தை அங்கம் அங்கமாக விரித்தார். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையில் பேய்களின் நடுவே இறைவன் ஆடலைக் கண்டார். நம் மரபுக்குப் பேய் புதிதன்று. வேறுபாடு எங்குள்ளதெனின், பரணியின் பேய்கள் வென்ற வேந்தனை வாழ்த்துகின்றன; பர்மிங்காம் பேய்கள் போருக்கு அனுப்பியவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. இவ்வகையில் நம் நெஞ்சு செயங்கொண்டாரின் சொல்லோடும் சாபத்தின் கருத்தோடும் நிற்கிறது. அக்குரலுக்குரிய ஓசி ஆஸ்போர்ன் 2025 சூலை 5ஆம் நாள் தம் ஊரின் வில்லா பார்க் திடலில் கடைசியாகப் பாடினார்; அதே மாதம் 22ஆம் நாள் மறைந்தார்.

டீப் பர்ப்பிள் குழுவினரின் 'மெஷின் ஹெட்' (1972) மிகையாகப் போற்றப்படுகிறது என்பது நம் துணிபு. சுவிட்சர்லாந்தின் மொந்திரோ நகரில் சூதாட்ட மாளிகை தீப்பற்றி எரிந்த புகை ஏரிமேல் படர்ந்ததைப் பாடும் பாட்டு அதிலுள்ளது. கிதார் கற்கும் ஒவ்வொரு சிறுவனும் அதன் தொடக்கத்தை மீட்டி மீட்டிச் சலிப்பூட்டிவிட்டான். குற்றம் பாட்டினுடையதன்று என்றாலும் செவி என்ன செய்யும்? அதே ஆண்டு ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மேடையில் பதிவான 'மேட் இன் ஜப்பான்' வேறு தரத்தது. ஜான் லார்டின் ஆர்கனும் ரிச்சி பிளாக்மோரின் கிதாரும் ஒன்றின் வினாவுக்கு மற்றொன்று விடை கூறுவதைக் கேட்பவர், வயலினும் மிருதங்கமும் மேடையில் மோதிக்கொள்ளும் நல்ல கச்சேரி ஒன்றை நினைவுகூர்வர். 'சைல்டு இன் டைம்' பன்னிரண்டு நிமிடம் நீள்கிறது. ஒரு நிமிடமும் வீணில்லை. கச்சேரி கேட்கும் பொறுமை உடையவர்க்கு ஏற்ற தட்டு இது.

லெட் செப்பலினைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நான்காம் தட்டு (1971) பெரிது. ஆயினும் பிறர் ஆயிரம் முறை பெரிதென்று சொல்லிவிட்டனர். 1972இல் அக்குழுவின் பேஜும் பிளான்டும் நம் பம்பாய்க்கே வந்து இந்திய இசைவாணரோடு இரு பாடல்களைப் பதிவு செய்தனர் என்பது மட்டும் இங்கே நினைக்கத்தக்கது. அப்பதிவுகள் 2015இல்தான் முறையாக வெளிவந்தன.

ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' (1980) பிரிட்டனின் உருக்காலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த ஆண்டிலேயே அப்பெயரோடு வந்தது. ஒரு பாட்டில் இரும்புப் படை நடக்கும் ஓசைக்காகக் கரண்டியும் கத்தியும் நிறைந்த தட்டைக் குலுக்கினராம். சமையலறைப் பாத்திரம் உருளும் ஓசையை எந்திர மனிதரின் நடையாக்கிய அந்தச் சிக்கனம் நமக்குப் பிடித்திருக்கிறது. பாடல் வரிகளில் ஆழம் குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை.

இலக்கிய அன்பர்க்கு உரியது அயர்ன் மெய்டன் குழு. 1982இல் வந்த 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' தட்டைச் சாத்தான் வழிபாடு என்று கூறி அமெரிக்காவில் சிலர் எரித்தனர். எரித்தவர்கள் கேட்டுப் பார்த்திருந்தால் அது ஒரு கெட்ட கனவின் கதை என்று அறிந்திருப்பர். 1984இன் 'பவர்ஸ்லேவ்' தட்டின் இறுதிப் பாடல், கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட மாலுமிக் காவியத்தைப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் இசையாக விரிப்பது. நடுவே கிதார்கள் ஓய்ந்து, கப்பலின் மரம் முனகும் ஒலி கேட்கும் இடம் ஒன்றுண்டு. காற்று நின்ற கடலை இசையில் காட்டுவதற்கு ஓசையைக் குறைப்பதே வழி என்று கண்டனரே, அது தேர்ந்த கவிஞன் செய்யும் செயல். 2008 பிப்ரவரி 1ஆம் நாள் அக்குழு தன் உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியது பாந்த்ரா-குர்லா வளாகத் திடலில். மித்தி ஆற்றுக்கு இக்கரையில் தாராவி, அக்கரையில் கோல்ரிட்ஜ்.

ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' (1986) பத்துப் பாடல்களை இருபத்தொன்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறது. முடுகு நடைக்கு இதனினும் மேலான சான்று இல்லை. ஆனால் நாஜி முகாமின் கொடுமைகளை அதன் முதற்பாட்டு அடுக்கிச் செல்கிறதே ஒழிய, அடுக்குபவன் எங்கே நிற்கிறான் என்பது விளங்கவில்லை. கொடுமையைச் சொல்வதும் கொடுமையைக் கண்டிப்பதும் ஒன்றாகா. அத்தட்டின் தாளத்தை வியக்கிறோம். சொல்லை ஏற்க மனம் வரவில்லை. அதே ஆண்டு வந்த மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' விரைவையும் பொருளையும் ஒருங்கே காத்தது. போதைக்கு அடிமையானவனைப் போதையே ஏளனம் செய்து பேசுவதாக அதன் தலைப்புப் பாட்டை அமைத்த உத்தி சிறப்பானது. மும்பையில் ராக் மெஷின் குழு தோன்றியதும் (1984), ரங் பவனில் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா தொடங்கியதும் (1986) இக்காலத்தவையே. காலாகோடாவின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடப்படும் வரை, இத்தட்டுகளைத் தேடி நம் வட்டாரத்து இளைஞரும் துறைமுகப் பாதை ரயிலேறிச் சென்றதுண்டு.

இவ்வளவும் பிறர் பாடியவை. தமிழர் பாடவில்லையா? பாடினர், சிங்கப்பூரில். 1992இல் அங்கே தோன்றிய 'ருத்ரா' குழுவின் முதல் தட்டு 1998இல் வந்தது. கதிரசன் பாடி, பேஸ் கிதாரும் மீட்டுகிறார். தம் இசைக்கு 'வேத மெட்டல்' என்று அவர்களே பெயரிட்டனர். 'பிரம்மவித்யா' என்னும் முத்தட்டு வரிசை (2005, 2009, 2011) அத்துவைதக் கருத்துகளை உறுமும் குரலில் எடுத்துரைக்கிறது. புலம்பெயர்ந்த தமிழிளைஞர் பர்மிங்காமின் இரும்பை எடுத்துத் தம் உலையில் உருக்கிய முயற்சி என்னும் அளவில் அதனை மனமாரப் போற்றுகிறோம். 'பிரைமோர்டியல்' என்னும் முதற்பகுதி வரிசையில் மிகச் சிறந்தது. மந்திரமும் கிதாரும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்கின்றன.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட இயலவில்லை. அப்பாடல்களின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். இடையே வடமொழி மந்திரம். தமிழுக்கு அங்கே முதன்மை இல்லை. தமிழ் இவ்விசைக்கு மென்மையானது என்று சில இளைஞர் நம்மிடம் வாதிட்டதுண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் வண்ணங்கள் இருபதனுள் மெல்லிசை வண்ணம் ஒன்றே. வல்லிசை வண்ணமும் உண்டு, உருட்டு வண்ணமும் உண்டு, முடுகு வண்ணமும் உண்டு. ககரமும் டகரமும் றகரமும் இரட்டித்து வரும் தமிழ்ச் சொல், உள்ளங்கையால் நரம்பை அடக்கி வெட்டி வெட்டி மீட்டும் கிதாரோடு பொருந்துவது போல் ஆங்கிலச் சொல் பொருந்தாது. அருணகிரியாரின் சந்தக் குழிப்பை இரு கால்களாலும் முரசு மிதிக்கும் இளைஞன் ஒருவனிடம் தாளமாக மட்டும் சொல்லிப் பாருங்கள். உடனே அவன் கால் அசையும். பரணியின் போர் பாடியது என்னும் பகுதியை மெட்டலாக அமைக்க வல்லவன் இன்னும் முன்வரவில்லை என்பதே நம் ஏக்கம். மும்பையில் பிறந்து தமிழ் எழுத்து அறியாமல் வளரும் பிள்ளை, மெய்டன் பாட்டின் வழியே கோல்ரிட்ஜை அடைந்துவிடுகிறான். செயங்கொண்டாரிடம் அவனை அழைத்துச் செல்லும் பாட்டு எது?

கேட்கத் தொடங்க விரும்பும் பெரியோர் 'வார் பிக்ஸ்' பாட்டையும், அடுத்து 'மேட் இன் ஜப்பான்' தட்டையும் பிள்ளைகளையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஸ்லேயர் பிறகு ஆகட்டும். இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் வேண்டா. நம் குடியிருப்புகளின் சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டாருக்குக் காலையில் முதல் ஷிப்ட்.