கண்குழிக்கு மேலே: முன்மடலின் பெயர்ச் சிக்கல்

மூளையின் முன்மடலைப் பேசும் நூல்களில் ‘ஆர்பிட்டோஃபிரான்டல்’, ‘வென்ட்ரோமீடியல் பிரீஃபிரான்டல்’ என்னும் இரு பெயர்கள் ஓரிடத்தில் வெவ்வேறு பகுதிகளையும் பிறிதோரிடத்தில் ஏறத்தாழ ஒரே பகுதியையும் சுட்டுகின்றன. அவை ஒரே அளவுகோலைக் கொண்டு இடப்பட்ட பெயர்கள் அல்ல என்பதே இதற்குக் காரணம்.

‘பிரீஃபிரான்டல்’ என்பது முன்மடலுக்கு வெளியே உள்ள எதையும் குறிப்பதில்லை. அம்மடலுக்குள்ளேயே, தசைகளை இயக்கும் பரப்புகளுக்கு முன்னால் அமைந்த புறணியை, அதாவது மூளையின் மேலுறையான சாம்பல்நிறப் படலத்தின் அப்பகுதியைக் குறிக்கிறது. (தமிழில் இதனை ‘முன்மூளை’ என எழுதுவது மேலும் ஒரு பிழைக்கு வழிவிடும், முன்மூளை என்பது தலாமசையும் பெருமூளை முழுவதையும் அடக்கிய பெரும்பிரிவு.) ‘வென்ட்ரல்’ என்பதன் நேர்ப்பொருள் வயிற்றுப் பக்கம், மனிதன் நிமிர்ந்து நிற்பதால் மூளையின் அச்சு வளைந்துவிட, பெருமூளையைப் பொறுத்தவரை அச்சொல் அடிப்பக்கத்தைக் குறிக்கிறது. ‘மீடியல்’ என்பது நடுக்கோட்டை ஒட்டியது. ஆகவே வென்ட்ரோமீடியல் என்பது திசையைச் சொல்லும் பெயர். ஆர்பிட்டோஃபிரான்டல் என்பதோ கண்குழியின் எலும்புக் கூரைமேல் படிந்திருக்கும் பரப்பென்று அண்டை உறுப்பைச் சொல்லும் பெயர். அடிப்பரப்பில் நடுக்கோட்டை ஒட்டி ஓடும் பட்டை இவ்விரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது.

வென்ட்ரோமீடியல் என்னும் பெயர் பெரிதும் நோயாளிகள் வழியே பரவியது. 1994இல் அயோவாவில் பெக்காராவும் டமாசியோ இணையரும் வெளியிட்ட சீட்டாட்டச் சோதனையில், பெரிய பரிசும் அதைவிடப் பெரிய நட்டமும் தரும் கட்டுகளையே அப்பகுதி சிதைந்தவர்கள் தொடர்ந்து நாடினர். ஆயினும் கட்டியோ இரத்தக்குழாய் வெடிப்போ புறணியின் எல்லைக்கோடுகளைப் பார்த்துப் பரவுவதில்லை. எனவே அப்பெயர் ஓர் உறுப்பைவிட ஒரு சேதத்தின் வடிவத்தையே குறித்தது எனலாம்.

எண்களும் இச்சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. உயிரணு அடுக்குகளின் அமைப்பை வைத்து 1909இல் பிராட்மன் மனிதமூளையில் 47 என எண்ணிட்ட பகுதிக்கு ஈடானதை, 1940இல் மக்காக் குரங்கின் மூளையை வரைந்த வாக்கர் 12 என்றார். பின்னர் பெட்ரைட்சும் பாண்டியாவும் இரண்டையும் இணைத்து 47/12 என எழுத நேர்ந்தது.

பெயரின் மயக்கம் பணியைப் பற்றிய முடிவுகளிலும் புகுந்தது. பரிசு தரும் பொருள் மாறியதும் தேர்வை மாற்றிக்கொள்ளும் திறன் ஆர்பிட்டோஃபிரான்டல் புறணிக்கு உரியதென்று நெடுங்காலம் கருதப்பட்டது. அப்பகுதி உறிஞ்சி அகற்றப்பட்ட குரங்குகள் அதில் தடுமாறின. நரம்பிழைகளைத் தொடாமல் உயிரணுக்களை மட்டும் வேதிப்பொருளால் அழித்து ருடிபெக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்விலோ குரங்குகள் தடுமாறவில்லை. முந்தைய தடுமாற்றத்துக்கு அப்பகுதி வழியே வேறிடம் செல்லும் இழைகள் அறுபட்டதே காரணம் என அவர்கள் கருதினர். 2017இல் அதே குழுவினர், ஒரு பரிசு கிடைக்கும் வாய்ப்பைக் கணிப்பது கீழ்ப்பக்கவாட்டுப் புறணியின் வேலையென்றும், அப்பரிசு அப்போது எவ்வளவு விரும்பத்தக்கது என்பதை மதிப்பிடுவதே ஆர்பிட்டோஃபிரான்டலின் வேலையென்றும் பிரித்தனர். அவர்கள் கீழ்ப்பக்கவாட்டில் சேர்த்த வாக்கரின் 12ஆம் பகுதியை ஆர்பிட்டோஃபிரான்டலின் வெளிப்பாதி என்றே எழுதும் ஆய்வாளர்களும் உள்ளனர்.