உசாத்துணை மென்பொருளும் நமது பெயர்களும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் தொடர்பாக நமது பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளைச் சில வருடங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கட்டுரைக்குள் போகுமுன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது எனது வழக்கம். ஆய்வாளர் யார் யாரிடம் போய் வந்திருக்கிறார் என்பதை உசாத்துணைப் பட்டியல் சொல்லிவிடும். முன்னர் அந்தப் பட்டியல்கள் ஒழுங்கற்றுக் கிடந்தன. ஒரு நூலுக்கு ஆண்டு இருக்கும், பதிப்பகம் இருக்காது. இன்னொன்றுக்குப் பதிப்பகம் இருக்கும், ஊர் இருக்காது. இன்று காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சாய்வெழுத்தும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகான பட்டியல்களில் நமது எழுத்தாளர்கள் சிலரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவை ஸோட்டெரோ, மெண்டலி, எண்ட்நோட் போன்ற உசாத்துணை முகாமை மென்பொருள்கள். எண்ட்நோட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மெண்டலி 2013 இல் எல்சவியர் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஸோட்டெரோ, அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று ஆய்வு மையமொன்றில் உருவாகி 2006 இல் வெளிவந்தது, இலவசமானது. நூல் விபரத்தை ஒருமுறை பதிந்து வைத்தால் போதும். கட்டுரையில் மேற்கோள் வரும் இடத்திலெல்லாம் அதுவே குறிப்பைப் போடும். முடிவில் பட்டியலையும் தயாரித்துத் தரும். இருநூறு நூல்களைக் கையால் அடுக்கிய தலைமுறைக்கு இது பெரிய உதவி. ஆகவே இந்த மென்பொருள் வேண்டாம் என்பது எனது கட்சியல்ல. "சொப்ட்வெயார் போட்டது சேர், பிழைக்காது" என்று இளம் ஆய்வாளர்கள் சொல்கிறார்களே, அந்த நம்பிக்கையோடுதான் எனக்கு வழக்கு.

மென்பொருள் ஒரு பெயரை இரண்டு பெட்டிகளில் கேட்கிறது: குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று. இது மேற்கத்தேயப் பெயருக்குத் தைத்த சட்டை. இணையப் பட்டியலொன்றிலிருந்து நூல் விபரத்தை இழுத்தெடுக்கும்போது பெரும்பாலும் பெயரின் கடைசிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்கிறது. இதனால் நேர்வதைப் பாருங்கள். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882 இல் தொடங்கியவரும், 1885 இல் 'அஸன்பே சரித்திரம்' தந்தவருமான எம்.சி. சித்தி லெப்பை, ஆங்கிலப் பட்டியலில் 'லெப்பே, எம்.சி.எஸ்.' ஆகிவிடுகிறார். லெப்பை என்பது நமது ஊர்களில் எத்தனையோ பேரின் பெயரோடு ஒட்டி வரும் சொல். சித்தி லெப்பையைத் தேடுகிறவர் 'லெப்பே' என்ற தலைப்பில் தேடுவாரா? இலங்கையின் முதலாவது தமிழ் நாவலைத் தந்தவர் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். பட்டியலிலே அவரை எஸ் என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒடுக்கிவிடுகிறோம்.

அடுத்தது இன்னும் பாரதூரமானது. அப்துல் ரஹ்மான் என்ற பெயரை மென்பொருள் 'ரஹ்மான், ஏ.' என்று வெட்டுகிறது. அப்துல் காதர் 'காதர், ஏ.' ஆகிறார். அப்துல் என்றால் 'இன்னாருடைய அடியான்' என்று பொருள். அடியானை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டு, அல்லாஹ்வின் திருநாமத்தை மட்டும் ஒரு மனிதரின் பெயராக நிறுத்தலாமா? வீட்டிலே பிள்ளையை 'ரஹ்மான்' என்று சுருக்கிக் கூப்பிட்டால் "அப்படிக் கூப்பிடாதீங்க" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அதையே ஆய்வேட்டில் அச்சிட்டு மூன்று பிரதி கட்டிக் கொடுக்கிறோம்.

ஒருவரை இருவராக்குவதும் நடக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்புப் பற்றிப் பேராசிரியர் உவைஸ் எழுதிய ஆங்கில நூல் 1953 இல் வெளிவந்தது. பின்னர் பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாகத் தமிழில் எழுதினார். இவர் ஓரிடத்தில் எம்.எம். உவைஸ், இன்னோரிடத்தில் ம.மு. உவைஸ், ஆங்கிலத்தில் வேறோர் எழுத்துக்கூட்டு. மென்பொருளுக்கு இவர்கள் மூன்று ஆட்கள். இமாமுல் அரூஸ், மாப்பிள்ளை லெப்பை ஆலிம், சையிது முஹம்மது ஆலிம் ஆகிய மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அவருடைய அரபுத்தமிழ் நூலான 'பத்ஹுத் தய்யான்' ஒருவர் பதிவில் 'ஃ' உடனும் மற்றவர் பதிவில் 'ஃ' இன்றியும் இருந்தால், அது இரண்டு நூலாகிவிடும்.

ஆண்டிலும் இதே சிக்கல். நமது பழைய நூல்கள் பலவற்றின் முகப்பில் இருப்பது ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரி 1300 என்பது 1882 இன் கடைசிப் பகுதியையும் 1883 இன் பெரும்பகுதியையும் அடக்கியது. முகப்பில் கண்டபடி 1300 என்று பதிந்தால், காலவரிசையில் அந்த நூல் பதினேழாம் நூற்றாண்டு உமறுப் புலவருக்கும் பல தலைமுறை முந்தியதாகப் போய் நிற்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்களுக்கு வேறொரு தொல்லை. பாமினித் தமிழ் மென்பொருளுக்குள் போனால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாறாமல் இந்த வேலையில் இறங்கிப் பயனில்லை.

இவற்றுக்கெல்லாம் மென்பொருளைக் குற்றஞ்சாட்டுவது இலகு. அது நியாயமல்ல. கொடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது. நமது பெயர்களை எப்படிப் பதிவது என்று நாம் இன்னும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கையால் எழுதிய காலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிச் சமாளித்தோம். பெட்டி வைத்துக் கேட்டதும் அகப்பட்டுக்கொண்டோம். இத்தனைக்கும் பெயர்களைப் பிரித்தறிவது நமக்குப் புதிய கலையல்ல. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் இயற்பெயர், தந்தை பெயர், குன்யத், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் ஆராய்ந்து, ஒரே பெயருடைய இருவரையும் பல பெயருடைய ஒருவரையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கென்றே ரிஜால் என்ற கலையை வளர்த்தவர்கள் நமது அறிஞர்கள். இப்னு ஹஜர் அல்-அஸ்கலானியின் 'தஹ்தீபுத் தஹ்தீப்' போன்ற பெருநூல்கள் அந்த உழைப்பின் விளைவு. அந்த மரபின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிற நாம் ஓர் எழுத்தாளரின் பெயரைக் கடைசி இடைவெளியில் வெட்ட விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது அப்படியொன்றும் பெரிய வேலையல்ல. முதலெழுத்துக்களை மட்டும் சொந்தப் பெயர்ப் பெட்டியில் இட்டு, அழைக்கும் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்ப் பெட்டியில் வைத்தால் 'சித்தி லெப்பை, எம்.சி.' என்று சரியாக வரும். அப்துல் ரஹ்மானும் பிரிக்கப்படாமல் ஒரே பெட்டிக்குள் இருப்பார். உமறுப் புலவர் போன்ற பெயர்களுக்கு இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக்கும் வசதி ஸோட்டெரோவில் இருக்கிறது. ஒருவருக்குப் பல பெயர் வழங்கினால் ஒன்றைத் தெரிந்து எல்லா இடத்திலும் அதையே பேணி, மற்றவற்றைக் குறிப்பில் எழுதலாம். ஆண்டுப் பெட்டியில் கி.பி. ஆண்டையும், மேலதிக விபரப் பெட்டியில் ஹிஜ்ரி ஆண்டையும் பதியலாம். இணையத்திலிருந்து இழுத்தெடுத்த எந்த விபரத்தையும் நூலின் முகப்போடு ஒருமுறை ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அந்த ஒப்பீட்டுக்கு நூல் கையில் இருக்க வேண்டுமே! இன்னொருவரின் அடிக்குறிப்பில் கண்ட நூலைத் தானே கண்டதுபோல் சேர்ப்பதற்கு இன்று ஒரு சொடுக்குப் போதும். நூலகம் இணையத்தளத்தில் பார்த்திருந்தால் அதன் நூலக எண்ணையும், வேறொருவர் நூலின் வழியே அறிந்திருந்தால் அந்த நூலையும் குறிப்பதே அமானிதம்.

ஆளுக்காள் தனித்தனியே திருத்தினால் போதாது. முஸ்லிம் ஆய்விதழ்களின் ஆசிரியர்களும் பேராதனை, ஒலுவில் போன்ற இடங்களில் இத்துறையைக் கற்பிப்போரும் கூடிப் பெயர்ப் பதிவுக்கான இரண்டு பக்க வழிகாட்டியொன்றை ஆக்கலாம். நூறு எழுத்தாளர்களின் பெயர்களை ஒரே சீராகப் பதிந்து, ஸோட்டெரோவின் பொதுத் தொகுப்பாகத் திறந்துவிட்டால், அடுத்து வரும் மாணவர் அதையே எடுத்துப் பயன்படுத்துவார். இந்த இதழ் அதற்கு முதலடி எடுத்து வைக்க வேண்டும் என்பது எனது வேண்டுகோள்.