மருந்து அடித்தது யார்?

விவசாய வேலைக்கும் பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று தேடினால், ஒரு ஆய்வு ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்கிறது. இன்னொன்று ‘கிட்டத்தட்ட மூன்று மடங்கு’ என்கிறது. யாரோ ஒருத்தர் கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டுரைகளை முழுசாகப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

பெரிய ஆய்வு அமெரிக்காவில், அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-இல் தொடங்கிய ‘அக்ரிகல்ச்சுரல் ஹெல்த் ஸ்டடி’. பூச்சிமருந்து அடிக்க உரிமம் பெற்ற விவசாயிகளையும் அவர்கள் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு, வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். 2005-இல் லாரன்ஸ் எங்கல் குழு வெளியிட்ட கட்டுரையில் 30,454 மனைவிமார்கள். 2000 வரை 309 பேருக்கு மார்பகப் புற்றுநோய். பொது மக்கள்தொகையோடு ஒப்பிட்ட விகிதம், தன் கையால் மருந்து அடித்ததாகச் சொன்ன பெண்களுக்கு 0.87, அடித்ததே இல்லை என்றவர்களுக்கு 1.05. (1 என்றால் வித்தியாசம் இல்லை.) இரண்டின் நம்பிக்கை இடைவெளிக்குள்ளும் 1 வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பிரச்சினை இல்லை, அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் ‘அடித்ததே இல்லை’ என்ற அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? வீட்டை விட்டு வயலுக்கே போகாதவர் இருக்கிறார். கணவர் அடித்த மறுநாள் அதே வயலில் இறங்கி வேலை செய்தவரும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே டிக். டேட்டாபேஸில் வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று நிரப்புகிற தப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மருந்து அடித்த இடத்துக்கு மிக அருகில் வீடு இருந்த பெண்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்று அதே கட்டுரையே சொல்கிறது. அடித்தவர்தான் பாதிக்கப்படுவார் என்ற அனுமானம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

அதே வட கரோலினாவில் எரிக் டுயெல் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் வந்த 862 பெண்கள், வராத 790 பெண்கள். 23 வருடங்களுக்கு மேல் விவசாயம் செய்தவர்களுக்கு விகிதம் 0.6, அதாவது ஆபத்து குறைவு. இதோடு நிறுத்தியிருந்தால் ‘வயல் வேலை உடம்புக்கு நல்லது’ என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். டுயெல் குழு இன்னும் ஒரு கேள்வி கேட்டது: மருந்து அடிக்கும்போதோ, அடித்த கொஞ்ச நேரத்திலோ வயலில் இருந்தீர்களா? ‘ஆம்’ என்றவர்களுக்கு 1.8. பாதுகாப்பு உடை இல்லாமல் மருந்து அடித்தவர்களுக்கு 2.0, உடை போட்டு அடித்தவர்களுக்கு 0.8. ஒரே சராசரிக்குள் இத்தனை வித்தியாசம் ஒளிந்திருந்திருக்கிறது.

டுயெல் ஆய்வுக்கும் பலவீனம் உண்டு. நோய் வந்த பிறகு கேட்ட கேள்விகள் இவை. ‘எனக்கு ஏன் வந்தது?’ என்று தினமும் யோசிக்கிற பெண்ணுக்கு அந்த மருந்து வாடை அதிகமாகவே ஞாபகம் இருக்கும். எங்கல் ஆய்வில் இந்தச் சிக்கல் இல்லை, நோய் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள். ஆக, ஒன்றில் கேள்வி சரி, கேட்ட நேரம் சரியில்லை. மற்றதில் நேரம் சரி, கேள்வி போதாது.

அந்த ‘மூன்று மடங்கு’ கனடாவின் விண்ட்சர் பகுதியிலிருந்து வந்தது. ஜேம்ஸ் புரோஃபி குழுவின் 2006 கட்டுரையில் விவசாய வேலை பார்த்த பெண்களுக்கு 2.8. இதைத்தான் பலரும் பகிர்கிறார்கள். அதே குழு 2012-இல் இன்னும் பெரிய ஆய்வு (நோயாளிகள் 1,006 பேர்) செய்தபோது விவசாயத்துக்குக் கிடைத்தது 1.36, இடைவெளி 1.01 முதல் 1.82 வரை. எண் பாதியாகிவிட்டது, ஆனால் மறைந்துவிடவில்லை. 2.8-ஐ மட்டும் மேற்கோள் காட்டுவது நியாயமில்லை. 0.87-ஐ மட்டும் காட்டுவதும் அப்படித்தான்.

ஞாபகத்தை நம்பாமல் வேலை செய்ய வழி இருக்கிறதா? கலிஃபோர்னியாவில் பால் மில்ஸ், ரிச்சர்ட் யாங் இருவரும் 2005-இல் காட்டினார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கப் பதிவேட்டில் யார் எங்கே எந்தப் பயிரில் வேலை செய்தார் என்பது இருக்கிறது. எந்தக் கவுன்டியில் எந்தப் பயிருக்கு எந்த மருந்து போனது என்பது மாநில அரசின் பதிவில் இருக்கிறது. இரண்டையும் இணைத்தார்கள். 128 நோயாளிகளை 640 பேரோடு ஒப்பிட்டதில் குளோர்டேன், மாலத்தியான், 2,4-டி ஆகியவற்றோடு தொடர்பு தெரிந்தது. எண்ணிக்கை சின்னது. கவுன்டி அளவில் போன மருந்து அந்தப் பெண்ணின் மேல்தான் பட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் இவர்கள் கூலிப் பெண்கள். உரிமம் வாங்கிய விவசாயியின் மனைவியை மட்டும் எண்ணும் ஆய்வில் இவர்களுக்கு இடமே கிடையாது.

எங்கல் குழு 2017-இல் அதே மனைவிமார்களிடம் திரும்பப் போனபோது, குளோர்பைரிபாஸ் பயன்படுத்திய பெண்களுக்கு ஆபத்து சுமார் 1.4 என்று வந்தது. கணவர் பயன்படுத்திய பூச்சிக்கொல்லிகளில் ஃபோனோஃபாஸ் தவிர வேறு எதற்கும் தொடர்பு தெரியவில்லை. என் வாதத்துக்கு எதிரான சான்று இது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் கணவர் எதை அடித்தார் என்பது, அப்போது மனைவி எங்கே இருந்தார் என்பதைச் சொல்லாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ‘நீங்கள் மருந்து அடித்தீர்களா?’ என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகள் சேர்க்க வேண்டும்: அடித்த எத்தனை நாளில் வயலில் இறங்கினீர்கள்? இறங்கியபோது கையிலும் காலிலும் என்ன போட்டிருந்தீர்கள்? இதைக் கேட்காத ஆய்வு ‘ஆபத்து இல்லை’ என்றால், அது அடித்தவரைப் பற்றிய முடிவு. களையெடுத்தவரைப் பற்றி அது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.